கவிழ்த்து வைத்த கல்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக யாராவது குடிவந்தால், அவர்கள் பெட்டியை இறக்கி முடிப்பதற்குள் எந்த ஊர், என்ன வேலை, என்ன சாப்பாடு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சோறு இறங்காது. என் கணவர் இதற்கு வம்பு என்று பெயர் வைத்திருக்கிறார். நான் அக்கறை என்கிறேன். எப்படியும் கேட்டுவிடுவேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் இந்தக் குணத்துக்குத் தீனி கிடைத்துக்கொண்டே இருக்கும். தொழிற்சாலைகளை நிறுத்திப் பழுதுபார்க்கிற ஷட்டவுன் வேலைக்கென்று எந்தெந்த நாட்டுக்காரர்களோ வந்து, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் டெரஸ் வீடுகளில் வாடகைக்கு இருப்பார்கள். நேப்பாளம், மியன்மார், வங்காளதேசம் என்று எல்லாரையும் ஒரு வாரத்தில் படித்துவிடுவேன். இடது பக்க வீட்டுக்கு வந்த அந்த இளம் ஜோடிதான் எனக்குத் தண்ணி காட்டியது. அவன் கயிற்றில் தொங்கியபடி எண்ணெய்த் தொட்டிகளையும் புகைபோக்கிகளையும் சோதிக்கிற வேலையில் இருந்தான். அவள் ஸ்கூடாய் பக்கம் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்தாள். வெள்ளைத்தோல், தலையில் துணி, காலில் செருப்பில்லாமல் வாசலுக்கு வந்து வணங்குகிற மரியாதை. எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"ரஷ்யாவா?" என்று கேட்டேன்.

"பாஸ்போர்ட் மட்டும் ரஷ்யா, ஆன்ட்டி. நாங்க இங்குஷ்" என்றாள் அவள்.

இங்குஷ் என்று ஓர் இனம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. காக்கசஸ் மலையின் வடக்குச் சரிவில், வரைபடத்தில் கட்டை விரலை வைத்தால் மறைந்துவிடும் ஒரு நிலம். அங்கே மலை உச்சிகளில் ஆளில்லாத கல் ஊர்கள் ஏராளமாக இருக்கின்றன என்று சொல்லிப் படங்களைக் காட்டினாள். ஏன் ஆளில்லை, எங்கே போனார்கள் என்று நான் தொடங்குவதற்குள் அவளுக்குப் பஸ் வந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு மாலை, அவன் ஒரு பையோடு எங்கள் கேட்டில் வந்து நின்றான். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவனும் அதைத் தன் பெயராகவே எடுத்துக்கொண்டிருந்தான். சைட்டில் பழகிய மலாயும் கொஞ்சம் ஆங்கிலமும் கலந்து பேசுவான். அதைத்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்.

"ஆன்ட்டி, உங்க மகன் சிங்கப்பூர்லதான இருக்காரு? அவர் ரூம் காலியா இருந்தா நான் கொஞ்ச நாள் தங்கிக்கலாமா?"

"ஏன் தம்பி, சண்டையா?"

"இல்ல ஆன்ட்டி. மாமியார் வர்றாங்க."

மாமியார் வந்தால் மருமகன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா? உட்காரவைத்து விசாரித்தேன். இங்குஷ் வழக்கப்படி மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாதாம். கல்யாணத்தன்றும் பார்க்கவில்லை, சாகும் வரை பார்க்கப்போவதும் இல்லை. தெருவில் எதிரே வந்துவிட்டால் ஒருவர் திரும்பி வேறு பக்கம் போய்விடுவார். பகையா என்றால் இல்லை, அதுதான் மரியாதை. ஊரில் அது சுலபம், தனித்தனி வீடு. இங்கே ஒரே வீட்டில் எப்படி முடியும்?

என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "அலமாக்! இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு நமக்குத் தெரியாம போச்சே லா. உங்கம்மாகிட்ட இத்தனை வருஷம் வாங்கிக் கட்டிக்கிட்டேனே!"

"எங்கம்மாதான் பாவம், உங்க மூஞ்சியத் தெனம் பாத்துக்கிட்டுக் கெடந்தாங்க" என்றேன்.

தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தான். அன்றே அறையைத் திறந்துவிட்டேன்.

அந்த அம்மா வந்து இறங்கினார். உயரமான, எலும்பு பருத்த பெண்மணி. தலையில் பூப்போட்ட துணி, மூட்டு வலியால் சற்றுச் சாய்ந்த நடை. எங்கள் இரு வீட்டுப் பின்கட்டுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு சுவர் உண்டு. அதன் கடைசியில் ஒரு சிறு கதவு. முன்பு அந்த வீட்டில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தபோது வைத்தது. அந்தக் கதவு வழியாகத்தான் எங்கள் சிநேகம் வளர்ந்தது. அவர் ரஷ்ய மொழியில் போனிடம் சொல்வார். போன் அதைச் செய்தி வாசிப்பவர் குரலில் தமிழாக்கிச் சொல்லும். "தங்களின் வெங்காயம் மிகவும் தரமானது" என்று முதல் நாளே பாராட்டியது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் பாலாடைக்கட்டி வைத்த தட்டையான ரொட்டி செய்து, உருகின வெண்ணெயில் முக்கி, ஒரு தட்டு கொடுத்தார். கொழுப்பு ஏறிவிட்டது, டாக்டர் வெண்ணெயைத் தொடக்கூடாது என்றிருக்கிறார் என்று போன் வழியாகச் சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கென்று தனியாக, வெண்ணெய் தடவாமல் சுட்டுத் தருவார். ஒரு தடவை கூட மறந்ததில்லை.

அவர் போனைத் திறந்தாலே முதலில் ஒரு படம் வரும். பச்சைச் சரிவில் தனியாக நிற்கும் உயரமான கல்வீடு, பின்னால் பனி மலை. "இது என் தந்தையின் இல்லம். நான் இதை ஒருபோதும் கண்டதில்லை" என்றது போன். அவ்வளவுதான், எனக்குள் இருக்கிற வம்புக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பகலில் அந்த அம்மாவிடமும், வேலை முடிந்து வந்த பிறகு தம்பியிடமும் ஒரே ஊரைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரின் பெயரை மட்டும் என்னால் சொல்லவே முடியவில்லை. தொண்டைக்குள் ஏதோ சிக்கிக்கொண்டதை வெளியே எடுப்பது போல ஒரு சத்தம் அதில் இருந்தது.

வீட்டை ஏன் கோபுரம் மாதிரி உயரமாகக் கட்ட வேண்டும்? நிலம் குறைவு என்றான் தம்பி. கைக்குட்டை அளவு மண் கிடைத்தாலும் அதில் பயிர் வைப்பார்கள். வீட்டைப் பாறைமேல்தான் கட்டுவார்கள், அதனால் மேல்நோக்கிப் போனார்கள். கீழே மாடுகள், நடுவில் அடுப்பும் மனிதர்களும், மேலே தானியம். எதிரி வந்தால் ஏறி ஒளிய வேறு உயரமான காவல் கோபுரம். தண்ணீர்? ஊற்றிலிருந்து பெண்கள் சுமக்க வேண்டும். அதானே பார்த்தேன். எந்த மலையானாலும் தண்ணீர் தூக்குவது பெண்கள்தான்.

வீடு கட்டும் முன் மண்ணில் பால் ஊற்றுவார்களாம். பால் உள்ளே இறங்கினால் இன்னும் தோண்ட வேண்டும். இறங்காமல் நிற்கிற இடத்தில்தான் அஸ்திவாரக் கல். "நாமளும் பால் காய்ச்சித்தான இந்த வீட்டுக்கு வந்தோம்" என்று என் கணவரிடம் சொன்னேன். "ஆமா, பொங்கி அடுப்பெல்லாம் நாறிப்போச்சு" என்றார். தொடங்கிய வீட்டை ஒரு வருஷத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்துக்குத் தெம்பில்லை என்று ஊர் பேசும் என்றும் தம்பி சொன்னான். எங்கள் மூலை வீட்டுக்காரர் அடுக்களையை நீட்டத் தொடங்கி எந்தக் காலமோ ஆகிறது. அவரிடம் இந்தச் செய்தியை மறக்காமல் சொன்னேன். அவர் ரசிக்கவில்லை.

ஊர் எப்படிக் காலியானது என்பதை அந்த அம்மாவே சொன்னார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஒரு குளிர்காலத்தில் இராணுவம் வந்தது. ஓர் இனத்தையே, துரோகிகள் என்று பட்டம் கட்டி, மலையிலிருந்து இறக்கி, மாட்டு ரயிலில் ஏற்றி, கஸகஸ்தானுக்கு அனுப்பினார்கள். வழியில் இறந்தவர்களைப் பனியில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அப்போது அவருடைய அப்பா சிறு பையன். இவர் கஸகஸ்தானில்தான் பிறந்தார். பல வருஷம் கழித்துத் திரும்பி வரலாம் என்றார்கள். ஆனால் சமவெளிக்கு மட்டும், மேலே குடியேறக் கூடாது. பிறகு அதுவும் தளர்ந்தது. அதற்குள் மேலே பாதை இல்லை, பள்ளி இல்லை, வேலை இல்லை. எல்லைப் பகுதி என்பதால் போய்ப் பார்க்கக்கூட அனுமதிச் சீட்டு வேண்டும். அப்பா மலையைப் பார்த்தபடியே சமவெளியில் இறந்தார். இவருக்கு இப்போது ஏறுவதற்கு மூட்டு இல்லை.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான் பிறந்தது குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அதை இடித்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய் வந்ததே என்றுதான் சந்தோஷப்பட்டேன். இன்றும் அங்கே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரே ஒரு தடவைகூடப் பார்க்காத வீட்டின்மேல் ஒரு மனுஷிக்கு இவ்வளவு ஆசை எப்படி வரும்? இதை நான் வாய்விட்டே கேட்டேன்.

அந்த அம்மா தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வீடு கட்டி முடித்த கொத்தனார் வாசல் கல்லில் தன் கையை வைத்து, அந்த வடிவத்தைச் செதுக்கிவிட்டுப் போவாராம். அவருடைய அப்பா சின்ன வயதில், வீட்டுக்குள் போகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கைக்குள் தன் கையை வைத்துப் பார்ப்பாராம். "என் கை அதை நிறைப்பதற்குள் எங்களை இறக்கிவிட்டார்கள்" என்று கிழவராகும் வரை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பிறகு படத்தைப் பெரிதாக்கி, வாசல் கல்லை எனக்குக் காட்டினார். நல்ல தெளிவான படம். கல்லில் பாசிகூடத் தெரிந்தது. கை இல்லை.

"கை எங்கே?" என்றது போன். "மழையில் அழிந்துவிட்டது என்று மகள் கூறுகிறாள். கல்லில் செதுக்கியது மழையில் அழியுமா? இது என் வீடு இல்லை என்று நினைக்கிறேன். என் வீடு நிற்கிறதா, இல்லையா? படம் எடுத்தவர் தங்கள் இல்லத்தில் இருக்கிறார். தாங்கள் அவரிடம் கேளுங்கள். தனக்கு உணவளிப்பவரிடம் அவர் பொய் கூறமாட்டார்."

ஊர் வம்பெல்லாம் தேடித் தேடிக் கேட்கிற எனக்கு, அந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வரத் தயக்கமாக இருந்தது.

மறுநாள் மதியம் தம்பி ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்தான். பரிமாறிவிட்டு நேராகவே கேட்டேன். அவன் கை சோற்றிலேயே நின்றது.

மலேசியாவுக்கு வருவதற்கு முன், மாமியாருக்காக அவன் அந்த ஊருக்கு ஏறியிருக்கிறான். முகம் பார்க்க முடியாத மாமியாருக்கு ஒரு மருமகன் வேறென்ன கொடுக்க முடியும், அவர் ஆசைப்பட்ட வீட்டைக் காட்டலாம் என்று நினைத்தானாம். போய்ப் பார்த்தால் வீடு விழுந்து கிடந்தது. ஏதோ ஒரு குளிர்காலத்தில் சரிந்திருக்கிறது, செடி முளைத்துவிட்டது. அவன் மனைவி போனிலேயே அழுதாள்: அம்மாவுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது, நிற்பதாகவே இருக்கட்டும். அதனால் பக்கத்து வீட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டான்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் தம்பி" என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. "இப்ப அவங்களுக்கு வீடும் இல்ல, மக சொல்ற பேச்சுல நம்பிக்கையும் இல்ல."

"தெரியும் ஆன்ட்டி." அவன் போனில் வேறொரு படத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினான். இடிபாட்டுக்கு நடுவே ஒரு பெரிய கல் மல்லாந்து கிடந்தது. அதில் ஐந்து விரல் விரித்த கை. மழைத் தண்ணீர் உள்ளங்கையில் தேங்கி, வானம் அதற்குள் தெரிந்தது.

"இத ஏன் காட்டல?"

"காட்டினா வீடு விழுந்ததைச் சொல்லணுமே. நான்தான் சொல்லணும். பார்த்தவன் நான். ஆனா அவங்ககிட்ட நான் எப்படிப் பேச முடியும்?"

எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து மனுஷி. மாமனாரோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. வீட்டுப் பூனையைப் பார்த்து, "சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பார். மாமனார் எழுந்து வருவார். பூனை எழுந்திருக்காது.

"தம்பி, முகம்தான பாக்கக் கூடாது? நான் பின்னால முறுக்கு சுடப் போறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவங்கள உக்காரச் சொல்றேன். நீ என்கிட்ட சொல்லு. உங்க பாஷையில சொல்லு."

"உங்களுக்குப் புரியாதே ஆன்ட்டி."

"புரிய வேண்டியது எனக்கா லா?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் பேசுவது சுவரைத் தாண்டிக் காதில் விழுந்தால் அது குற்றமாகாது என்று நினைக்கிறேன் என்றான். என்னைவிடத் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

நான் கதவு வழியாகப் போய், அந்த அம்மாவை நாற்காலி போட்டுச் சுவரோரம் உட்காரவைத்தேன். போனை எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். ஏதோ புரிந்துகொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். தம்பி என் எதிரே வந்து நின்றான். எங்கள் வீட்டில் இருந்த நாள்களில் நான் எத்தனையோ தடவை உட்காரச் சொல்லி உட்கார்ந்தவன், அன்று உட்கார மறுத்துவிட்டான்.

என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினான். அவன் பாஷையில் ஒரு சொல்லும் எனக்குத் தெரியாது. ஆனால் ஒருவர் பேசும்போது கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு நின்றுவிடும் என்பது தெரியும். முறுக்கைப் பிழிந்து எண்ணெயில் விட்டுக்கொண்டே, அவன் மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் "உம்" என்றேன். ஓரிடத்தில் அவன் கைகள் உயர்ந்து, சட்டென்று கீழே இறங்கின. வீடு விழுந்த இடம் அதுதான் என்று தெரிந்துகொண்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

முடித்ததும் போனை என்னிடம் நீட்டினான். அந்தப் படம். நான் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்து, சுவருக்கு மேலே நீட்டினேன். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. ஒரு ஈடு முறுக்கு கருகிப்போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. எட்டிப் பார்க்கலாமா, நெஞ்சு வலி ஏதாவது வந்துவிட்டதா? அடுத்த வீட்டு விஷயத்தில் ஏன் தலையிட்டோம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நினைத்தேன்.

அப்போது அந்த அம்மாவின் குரல் வந்தது. கூப்பிட்டது என்னை; அவர்கள் வாயில் உருமாறிய என் பெயர். பிறகு அவர் பாஷையில் ஒரு சின்னக் கேள்வி. நான் "உம்" என்றேன். வேறென்ன சொல்வேன்?

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். என்னைப் பார்த்து இரண்டு மூன்று சொற்கள் சொன்னான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அடக்கிக்கொண்ட அழுகை இல்லை. வீட்டில் ஒருவர் இறந்த செய்தி வந்தால் அழுகிற, வாய்விட்ட அழுகை. நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைப் பார்த்து ஓடினேன். தம்பி வேண்டாம் என்று தடுத்தான். குழாயடியில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?"

"அந்தக் கை மழையில நனைஞ்சுக்கிட்டே கெடக்குதான்னு கேட்டாங்க ஆன்ட்டி. அப்படியே விட்டுட்டு வந்தானான்னு கேளுங்கன்னாங்க."

"அப்புறம்?"

"இல்ல, கவிழ்த்து வச்சிட்டு வந்தேன்னு சொன்னேன். அடியில புல்லு போட்டு."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. பார்க்காத வீட்டுக்காக அல்ல. யாரும் சொல்லாமலே, யாரும் பார்க்காத மலையில், தன் வீட்டினதும் அல்லாத ஒரு கல்லை இவன் தனியாகப் புரட்டிப் போட்டிருக்கிறானே என்றுதான். பிறகு என் குணம் போகாமல் கேட்டேன்: "உன் கைய அதுல வச்சுப் பாத்தியா?"

"அது அவங்க வீட்டுக் கை ஆன்ட்டி" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று மாலை மகள் வந்தபோது அந்த வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சு ஓங்கிக் கேட்டது. பிறகு தணிந்துவிட்டது. நான் சுவரோரம் போய் நிற்கவில்லை. நம்ப மாட்டீர்கள், என் கணவரும் நம்பவில்லை.

மறுநாள் காலை பின்கட்டுக் கதவைத் தட்டினார் அந்த அம்மா. கண் வீங்கியிருந்தது, ஆனால் தலைத்துணி புதிது. ஒரு பெரிய தட்டு நிறைய ரொட்டி. ஒவ்வொன்றும் வெண்ணெயில் ஊறி, தட்டின் விளிம்பு வரை வழிந்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கம் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்தார்.

"இது தங்களுக்கு" என்றது போன்.

"உம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய், தம்பியின் அறைக் கதவைத் தட்டினேன்.